அச்சுக்காரன் கண்ணில் ஆல்ஃபிரட் ராஜா

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். ஐந்து படங்கள், தபால் செலவும் சுங்க வரியும் சேர்த்து 11,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. ஐந்தும் இங்கிலாந்தின் பழைய ராஜாக்கள் கதை, அதாவது 1066இல் நார்மன்காரர்கள் வந்து இறங்குவதற்கு முந்தைய காலத்துக் கதை. அச்சடித்ததோ 18, 19ஆம் நூற்றாண்டுகளில். பெரிய வரலாற்றுப் புத்தகங்களுக்காக அச்சடித்த படங்கள் இவை. புத்தகம் கட்டு விட்டுப்போன பிறகு தனித்தனி ஏடாக விற்கிறார்கள்.

விற்றவர் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் பழைய அச்சுப் படங்கள் விற்கும் கடைக்காரர். இணையத்தில் படம் போடுகிறார், பணம் கட்டினால் தபாலில் அனுப்புகிறார். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. இரண்டு விஷயத்தில் அவர்மேல் எனக்கு வருத்தம் உண்டு, அது பின்னால் வரும்.

நான் கிருஷ்ணகிரியில் அச்சகம் வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் காலால் மிதிக்கும் ட்ரெடில் மிஷினும் ஈய எழுத்துப் பெட்டிகளும், இப்போது ஆஃப்செட். கல்யாண சீசனில் பத்திரிகை, மாம்பழ சீசனில் கூழ் டப்பாவுக்கு லேபிள், தேர்தல் வந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே இந்தப் படங்களை நான் பார்ப்பது அச்சுக்காரன் பார்வையில்தான். இங்கிலாந்து வரலாறு தெரிந்துகொள்ள வேண்டும் என்று இவற்றை வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். வரலாறாக இவை படுமோசம். அச்சு வேலையாகப் பார்த்தால், ஐந்தில் இரண்டு படங்களுக்குக் கொடுத்த காசு குறைவு என்றே சொல்வேன்.

அந்த இரண்டில் முதலாவது ஆல்ஃபிரட் ராஜா படம். கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 878ஆம் வருஷம் குளிர்காலத்தில் டேனிஷ் படைத்தலைவன் குத்ரம் திடீரென்று பாய்ந்து சிப்பனம் ஊரைப் பிடித்துக்கொள்கிறான். ஆல்ஃபிரட் தப்பி ஓடி சாமர்செட் சதுப்பு நிலத்தில் அதல்னி என்ற மேட்டில் ஒளிந்திருக்கிறார். அப்போது ஒரு மாட்டுக்காரன் குடிசையில் தங்கினாராம். அடுப்பில் இருந்த ரொட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அந்த வீட்டு அம்மா வேலையாகப் போக, இவர் போரைப் பற்றி யோசித்துக்கொண்டே ரொட்டியைக் கருகவிட்டார். அந்த அம்மா வந்து, ராஜா என்று தெரியாமல் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். அந்த வருஷமே மே மாதம் எடிங்டனில் ஆல்ஃபிரட் ஜெயித்தார், குத்ரம் ஞானஸ்நானம் பெற்றான், ஞானத்தகப்பனாக நின்றவரே ஆல்ஃபிரட்தான். போரும் ஞானஸ்நானமும் வரலாறு. ரொட்டி வரலாறு இல்லை. ஆல்ஃபிரட் உயிரோடு இருந்தபோதே, 893இல், அவர் அரண்மனையில் இருந்த ஆசர் என்ற பாதிரியார் அவருடைய வாழ்க்கையை எழுதினார். அதில் ரொட்டியே கிடையாது. நூறு வருஷம் கழித்து ஒரு புனிதரின் வாழ்க்கைக் கதையில்தான் ரொட்டி வருகிறது. 1574இல் மேத்யூ பார்க்கர் என்ற பேராயர் ஆசர் புத்தகத்தை அச்சுக்குக் கொடுத்தபோது, ரொட்டிக் கதையை நடுவில் சொருகிவிட்டார். ஆசர் புத்தகத்துக்கு இருந்த பழைய கைப்பிரதியும் 1731இல் லண்டனில் ஒரு நூலகத் தீயில் போய்விட்டது. அச்சில் ஏறியது நிலைத்துவிடும் என்று அப்பா சொல்வார். பிழையாக ஏறினாலும் நிலைத்துவிடும் என்பதை அவர் சொல்லவில்லை.

படத்துக்கு வருவோம். செப்புத் தகட்டில் வெட்டியது. பியூரின் என்று ஒரு எஃகு உளி, முனையைச் சாய்வாகத் தீட்டியிருப்பார்கள். அதைக் கைக்குள் வைத்துத் தள்ளினால் செம்பு சுருளாகக் கிளம்பிவரும், பின்னால் பள்ளக் கோடு விழும். வளைவு வேண்டுமென்றால் உளியைத் திருப்புவதில்லை, தகட்டைத்தான் திருப்புவார்கள். படம் நேராகத் தெரிய வேண்டுமென்றால் தகட்டில் இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். அப்புறம் தகட்டைச் சூடாக்கி மை தடவி, துணியாலும் உள்ளங்கையாலும் மேற்பரப்பைத் துடைத்தெடுப்பார்கள். பள்ளத்தில் மட்டும் மை நிற்கும். ஈரக் காகிதத்தை மேலே வைத்து, கம்பளம் போர்த்தி, இரண்டு உருளைக்கு நடுவே அழுத்தி இழுத்தால், காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். ஒவ்வொரு பிரதிக்கும் இத்தனையும் முதலிலிருந்து.

ஆகவே மை காகிதத்தின் மேலே மேடாக நிற்கிறது. விரல் நுனியை லேசாக ஓட்டினால் தட்டுப்படும். இருநூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும்! எங்கள் ஆஃப்செட்டில் மை மாவு பூசிய மாதிரி மேலோட்டமாகப் படிந்து கிடக்கும். பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தால் இன்னும் வியப்பு. அந்த அம்மாவின் கன்னத்தில் கோடுகள் தடித்து மெலிந்து போகின்றன, கன்னம் திரும்பும் இடத்தில் இரண்டாவது வரிசைக் கோடு குறுக்கே ஏறுகிறது, குறுக்குக் கோடுகளின் நடுவில் உள்ள ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குட்டிப் புள்ளி. எங்கள் ஆஃப்செட் படத்தில் புள்ளி வைப்பது கம்ப்யூட்டர். இங்கே ஒருவன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குத்தியிருக்கிறான். கோபத்தில் அந்த அம்மாவின் கழுத்து நரம்பு புடைத்திருப்பதுகூட இரண்டே கோட்டில் வந்திருக்கிறது. ஆல்ஃபிரட் முகம் அவ்வளவு சரியில்லை, பல் வலிக்காரர் மாதிரி இருக்கிறார்.

பழையபேட்டையில் ஃபிரேம் போடும் பாய் இதைக் கையில் வாங்கியதும் கேட்டார்:

“அண்ணே, இந்தம்மா யாரத் திட்டுது?”

“ராஜாவ, பாய்.”

“ராஜாவயா? எதுக்கு?”

“ரொட்டி கருகிப்போச்சு.”

“அப்ப திட்டத்தான் செய்யும்,” என்றார்.

இரண்டாவது நல்ல படம் வோர்டிகர்னும் ரோவெனாவும். பிரிட்டன் மன்னன் வோர்டிகர்ன், கூலிப்படையாக ஹெங்கிஸ்ட் என்ற சாக்சன் தலைவனை அழைக்கிறான். பீட் என்ற துறவி எழுதிய கணக்குப்படி அது 449 வாக்கில். விருந்தில் ஹெங்கிஸ்டின் மகள் கிண்ணத்தில் மது கொண்டுவருகிறாள், மன்னன் மயங்குகிறான், பெண்ணுக்கு ஈடாக கென்ட் நாட்டையே எழுதிக் கொடுத்துவிடுகிறான். இந்தக் கதை 9ஆம் நூற்றாண்டுப் புத்தகம் ஒன்றில் முதலில் வருகிறது, அதில் பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை. 12ஆம் நூற்றாண்டில் ஜெஃப்ரி ஆஃப் மான்மத் எழுதியபோதுதான் ரோவெனா ஆனாள். 18ஆம் நூற்றாண்டு ஓவியர்களுக்கு இந்தக் காட்சி ரொம்பப் பிடித்தம். ஏஞ்சலிகா காஃப்மன் 1770இலேயே இதை வரைந்து ராயல் அகாதமி கண்காட்சியில் வைத்தார். என்னுடைய படத்தில் மண்டபத்துக்கு ரோமாபுரித் தூண்கள், ரோவெனாவுக்கு லண்டன் சீமாட்டியின் கொண்டை. சாக்சன் விருந்து மண்டபம் என்றால் மரத்தில் கட்டியது, நடுவில் நெருப்பு, கூரையில் புகை. அதை யார் வரைவார்கள்? ஆனால் அவள் உடுப்பின் மடிப்பு இருக்கிறதே, பட்டின் பளபளப்பைக் காகிதத்தின் வெள்ளையை அப்படியே விட்டுவைத்து வரவழைத்திருக்கிறான். எங்கள் டிசைனர் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இதுக்கு எத்தன லேயர் சார்?” என்றான். ஒரே தகடு, ஒரே கறுப்பு மை.

என் முதல் வருத்தம் இந்தப் படத்தில்தான். கீழ் ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். 1735இல் இங்கிலாந்தில் தகட்டுப் படங்களுக்குப் பதிப்புரிமைச் சட்டம் வந்தது. ஓவியர் ஹோகார்த்தும் கூட்டாளிகளும் போராடி வாங்கியது. உரிமை வேண்டுமென்றால் வெளியிட்ட தேதியும் உரிமையாளர் பெயரும் தகட்டிலேயே இருக்க வேண்டும். அதனால் அந்தக் காலப் படங்களின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி ஓடும். அதற்கு மேலே இடது ஓரத்தில் வரைந்தவர் பெயர், வலது ஓரத்தில் தகடு வெட்டியவர் பெயர். படத்தின் ஜாதகமே அந்த வரிதான். யாரோ ஒரு காலத்தில் ஃபிரேமுக்குள் நுழைக்க அதைக் கத்தரித்துவிட்டார்கள், தகடு அழுந்திய தடமும் மூன்று பக்கம்தான் மிச்சம். கடைக்காரர் இணையத்தில் போட்ட புகைப்படத்தில் அட்டைச் சட்டம் அந்த ஓரத்தை மறைத்திருந்தது. விவரத்தில் “1780 வாக்கில்” என்று மட்டும் எழுதியிருந்தார். தேதி பொய்யாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடைக் கம்பிகளின் கோடு காகிதத்தில் தெரிகிறது. தலைப்பில் எஃப் மாதிரி தெரியும் பழைய நீள எஸ் இருக்கிறது, அது 1800 வாக்கில் வழக்கொழிந்த எழுத்து. ஆனால் வெட்டியவன் பெயர் போனது போனதுதான். அந்தப் பட்டு மடிப்பை வெட்டிய கைக்கு ஒரு பெயர் இருந்திருக்கும்.

இரண்டாவது வருத்தம் பணம் சம்பந்தப்பட்டது. எட்வர்ட் ராஜா கொலை. 978இல் கார்ஃப் என்ற இடத்தில் மாற்றாந்தாய் வீட்டுக்கு வந்த இளம் ராஜாவைக் குதிரையிலிருந்து இறங்குவதற்குள் கொன்றார்கள். மாற்றாந்தாயே கிண்ணம் நீட்டிக்கொண்டிருக்க, பின்னாலிருந்து ஒருவன் குத்துவதாகப் பிற்காலத்தில் கதை வளர்ந்தது. படத்தில் இருப்பதும் அதுவே. பின்னணியில் கல் கோட்டை வாசல். கார்ஃபின் கல் கோட்டையைக் கட்டியதே நார்மன்காரர்கள், கொலைக்கு ஏறக்குறைய நூறு வருஷம் பின்னால். அதை மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது வண்ணம். “அக்காலத்துக் கைவண்ணம்”, அதாவது அச்சடித்த காலத்திலேயே கையால் வண்ணம் பூசியது என்று எழுதி, மற்றதைவிட இரண்டு மடங்கு விலை போட்டிருந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பழைய காகிதத்தில் விழும் பழுப்புப் புள்ளிகள் இதிலும் உண்டு. ராணியின் சிவப்பு அங்கியில் அந்தப் புள்ளிகளுக்கு மேலே வண்ணம் ஓடியிருக்கிறது. புள்ளி விழுந்து பல காலம் கழித்துப் பூசியதாக இருந்தால்தான் அப்படி வரும். போதாக்குறைக்கு அடர்த்தியாகப் பூசி, கீழே உள்ள கோட்டு வேலையை மூடிவிட்டார்கள். படம் எடுத்து அனுப்பினேன். மரியாதையாகப் பதில் எழுதி, பாதிப் பணத்தைத் திருப்பி அனுப்பினார். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இணையத்தில் அதே விவரத்தோடு வேறு வண்ணப் படங்கள் இன்னும் கிடக்கின்றன.

வண்ணம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1864இல் வந்த ஜேம்ஸ் டாயிலின் இங்கிலாந்து வரலாற்றைச் சொல்வார்கள். எட்மண்ட் எவன்ஸ் அச்சடித்தது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனி மரக்கட்டை, ஒன்றன்மேல் ஒன்றாக இடம் பிசகாமல் அச்சு. நான்கு கலரைப் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வைக்கும் ரெஜிஸ்ட்ரேஷனுக்கே எங்கள் மிஷின்மேன் சில நாள் என்னிடம் திட்டு வாங்குகிறார். அந்த ஏடுகள் தனியாக விற்பனைக்கு வந்தால் வாங்க நினைத்திருக்கிறேன்.

மற்ற இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். எட்கர் ராஜா படகு எஃகுத் தகட்டு அச்சு. 973இல் பாத் நகரில் முடிசூட்டிக்கொண்டு எட்கர் செஸ்டருக்குப் போக, அங்கே ஆறு அரசர்கள் வந்து பணிந்ததாகப் பழைய குறிப்பு. பின்னால் எழுதியவர்கள் எட்டு அரசர்களைத் துடுப்பு போட வைத்து, எட்கரைச் சுக்கான் பிடிக்க வைத்தார்கள். படத்தில் எட்டுப் பேரும் கிரீடத்தோடு துடுப்பு வலிக்கிறார்கள், பாவம். செம்பு மென்மையானது, சில ஆயிரம் பிரதி போவதற்குள் கோடு தேய்ந்துவிடும். 1820களிலிருந்து எஃகு வந்ததும் ஒரே தகட்டில் பல்லாயிரம் பிரதி எடுத்தார்கள். கோடு மயிரிழையாக இருக்கிறது, தப்பே சொல்ல முடியாது. ஆனால் மொத்தமும் சாம்பல் பூத்த மாதிரி, எங்கும் அழுத்தமான கறுப்பு இல்லை.

கன்யூட் ராஜா கடலலையைத் தடுக்கும் படம் மரக்கட்டை அச்சு, ஐந்தில் விலை குறைவு. 1850களிலிருந்து கேசல் போன்ற பதிப்பகங்கள் வாரா வாரம் ஒரு பென்னிக்கு வரலாற்றைத் துண்டு துண்டாக விற்றார்கள், அந்த வகை. கட்டையை எழுத்தோடு சேர்த்தே அச்சடிக்கலாம் என்பதால் பின்பக்கம் முழுக்க மேட்டர் இருக்கிறது. பாக்ஸ்வுட் மரம் குறுக்களவில் சின்னது, பெரிய படத்துக்குப் பல துண்டுகளை இணைப்பார்கள். கன்யூட்டின் நாற்காலிக்குக் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடுகிறதே, அது அந்த இணைப்பு. அப்பாவின் மிஷினில் கட்டை பிளாக் ஓட்டிப் பழகிய எனக்கு அந்தக் கோடு ஒரு குறையாகவே படவில்லை. காகிதம்தான் பழுத்து, ஓரம் பொடிகிறது. கந்தல் துணியில் செய்த 18ஆம் நூற்றாண்டுக் காகிதம் இன்னும் வெளுப்பாக, வளைத்தால் வளைகிறது. அதற்குப் பிந்தி நூறு வருஷம் கழித்து வந்த மலிவுக் காகிதம் அப்பளமாக நொறுங்குகிறது. கதையைப் பற்றி ஒன்று: அலையை அடக்கப் பார்த்த முட்டாள் என்று கன்யூட்டைச் சொல்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் ஹென்றி ஆஃப் ஹன்டிங்டன் எழுதிவைத்ததோ நேர் எதிர். ராஜாவின் அதிகாரம் எவ்வளவு சின்னது என்று துதிபாடிகளுக்குக் காட்டத்தான் அவர் கடற்கரையில் உட்கார்ந்தாராம்.

வரலாறாக மோசம் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் அதற்கு நல்ல உரைகல் இருக்கிறது. இங்கிலாந்தில் கிறிஸ்தவம் பரப்ப வந்த அகஸ்டின் பாதிரியார் கென்ட் கரையில் இறங்கியது 597இல். ஏறக்குறைய அதே காலத்தில்தான் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் ஆட்சியாண்டு பொறித்த நடுகற்கள் செங்கம், தருமபுரிப் பக்கம் எழுந்தன. தருமபுரி அருங்காட்சியகத்துக்கும் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்கும் போனால் வரிசையாக நிற்கும் நடுகற்களைப் பார்க்கலாம். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுடைய வில், குறுவாள், கொண்டை, இடுப்புக் கச்சை எல்லாம் அவனைப் போன்றவர்களைத் தினமும் பார்த்தவன் செதுக்கியது. ஆல்ஃபிரட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவர் காலத்திலேயே அவர் முகமென்று கிடைப்பது வெள்ளிக்காசில் உள்ள தலை, அதுவும் ரோமக் காசைப் பார்த்து அடித்தது. மிச்சமெல்லாம் ஆயிரம் வருஷம் கழித்து வந்தவர்களின் கற்பனை. ஜோசஃப் ஸ்ட்ரட் என்ற இளைஞர் மட்டும் 1770களில் பிரிட்டிஷ் மியூசியத்துச் சுவடிகளில் இருந்த பழைய சித்திரங்களைப் பார்த்து, அக்காலத்து உடையும் ஆயுதமும் எப்படி இருந்தன என்று தகடு வெட்டி வெளியிட்டார். அழகாக இருக்காது, கட்டை கட்டையாக இருக்கும். வரலாறு வேண்டுபவர்கள் அதைத் தேடுங்கள்.

நம் ஊர்ப் படம் கிடைக்காதா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கிடைக்கும். தாமஸ் டேனியல் என்ற ஆங்கிலேய ஓவியரும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் இந்த வழியாகப் போனார்கள். பாரமகால், அதாவது எங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம், ஆங்கிலேயர் கைக்கு வந்த வருஷம். ராயக்கோட்டையையும் ஜெகதேவிக் கோட்டை மலையையும் நேரில் பார்த்து வரைந்து, பிற்பாடு லண்டனில் அக்வாடிண்ட் முறையில், அதாவது தகட்டை அமிலத்தால் அரித்து நீர்வண்ணச் சாயல் வரவழைக்கும் முறையில், அச்சடித்தார்கள். ஆனால் அசல் பிரதியின் விலையைப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரை மூடிவிட்டேன். இங்கிலாந்து ராஜாக்கள் மலிவு.

ஃபிரேம் விஷயத்தில் கவனம் வேண்டும். இங்கே வழக்கமாக ஹார்ட்போர்டு வைத்து, செல்லோடேப் ஒட்டி, கண்ணாடியைப் படத்தின் மேலேயே அழுத்திவிடுவார்கள். சாமி படத்துக்கு அது போதும். இந்தக் காகிதத்துக்கு ஆகாது. அட்டையின் அமிலம் காகிதத்தில் இறங்கும், மழைக்காலத்தில் கண்ணாடி வேர்த்துப் படம் ஒட்டிக்கொள்ளும். பெங்களூரிலிருந்து அமிலமில்லாத மவுண்ட் அட்டை வரவழைத்தேன். படத்தின் மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய ஜப்பான் காகிதத் துண்டு இரண்டு, கோதுமை மாவுக் கூழில் ஒட்டித் தொங்கவிட்டோம். பாய் முதலில் சிரித்தார், “விழுந்துடும்ணே” என்றார். விழவில்லை. அட்டை நான் கொடுத்தது போக, ஒரு படத்துக்கு 650 ரூபாய் வாங்கினார். வேலை சுத்தம். மூலை இணைப்பில் ஒரு மயிரிழை இடைவெளி இல்லை.

அந்தக் கடையில் மறுபடியும் வாங்குவேன். வண்ணம் பூசாத செப்புத் தகட்டுப் படம் மட்டும், அதுவும் அட்டைச் சட்டத்தை எடுத்துவிட்டு நான்கு ஓரமும் பின்பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு. கேட்டால் அனுப்புகிறார். பார்சல் கட்டுவதில் அவரைக் குறை சொல்ல முடியாது. தட்டையான இரட்டை அட்டை, உள்ளே பிளாஸ்டிக் உறை, ஒரு முனைகூட மடங்கவில்லை.

எட்வர்ட் கொலையை வீட்டுக் கூடத்தில் மாட்டக் கூடாது என்று மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அது இப்போது அச்சகத்தில், கட்டிங் மிஷினுக்கு மேலே. ரோவெனா என் மேஜைக்குப் பின்னால் இருக்கிறாள். போன மாதம் லேபிள் விஷயமாக வந்த மாம்பழக்கூழ் கம்பெனிக்காரர் ரொம்ப நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “கிண்ணம் நீட்டற இந்தம்மாவ நம்ம லேபிள்ல போடலாமா? யாராச்சும் கேஸ் போடுவாங்களா?” என்று கேட்டார். 1767க்குப் பிறகு அந்த ஹோகார்த் காலத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் உரிமை 28 வருஷம்தான், எப்போதோ முடிந்துவிட்டது, தாராளமாகப் போடலாம் என்றேன். பையன் ஸ்கேன் செய்து டிசைன் போட்டுவிட்டான். ரோமாபுரித் தூணை எடுத்துவிட்டு மாந்தோப்பு வைக்கச் சொன்னார், வைத்தாயிற்று. கிண்ணத்துக்குள் மட்டும் தனி மஞ்சள்.